இருபது எம்.பி. டிஸ்க்கும் சிவப்புப் பீஸும்

தொண்ணூற்றொன்றில் படப்பையிலிருந்து ஒரகடம் போகும் ரோட்டில் இருந்த எங்கள் கம்பெனியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். அதைத் தொடும் உரிமை எனக்கு மட்டும்தான். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வருகிறது; வரட்டும். சுற்றிலும் நெல் வயல், தள்ளி ஒரு ஏரி, நடுவில் தகரக் கூரை போட்ட பட்டறை, பட்டறைக்குள் ஏ.சி. வைத்த ஒரு கண்ணாடி அறை. மேனேஜரே செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் உட்கார்ந்தபடியே, "கதவச் சாத்துங்க சார், தூசி வருது" என்பேன். அவரும் மறுபேச்சு பேசாமல் சாத்துவார்.

அந்த நாற்காலிக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். லேத்தில் கடைந்து வரும் பீஸ்களை எண்ணெய் துடைத்து, டிரேயில் நெருக்கி அடுக்கி, லாரியில் ஏற்ற வேண்டும். கடைசி டிரே மட்டும் எப்போதும் நிறையாது. பாதி டிரேயை அப்படியே ஏற்றினால் ரோட்டின் குண்டு குழியில் பீஸ்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு விளிம்பு நசுங்கிவிடும். அதனால் மீதி இடத்தைக் கழித்துப் போட்ட பழைய பீஸ்களை வைத்து நிரப்புவோம். அந்தப் பழைய பீஸ்களுக்கு இரண்டு பக்கமும் சிவப்பு பெயிண்ட் அடித்திருக்கும். வாங்குகிற கம்பெனிக்காரர்கள் சிவப்பைப் பார்த்ததும் பொறுக்கி எடுத்து, காலி டிரேயோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிவப்பு அடிக்கிற வேலை என்னுடையது. நகக்கண்ணில் சிவப்பு போகவே போகாது. அண்ணி என் கையைப் பிடித்துப் பார்த்து, "இன்னா, மருதாணியா? மாப்பிள யாரு?" என்று கேட்பாள்.

சாயங்காலம் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தேன். அதை வைத்துத்தான் கண்ணாடி அறைக்குப் போனேன்.

அண்ணனும் அதே கம்பெனிதான். ஆள் கையால் திருப்பாமல், எழுதிக் கொடுத்த புரோகிராமைப் படித்துத் தானே கடையும் சி.என்.சி. லேத் ஒன்று எங்களிடம் இருந்தது. அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு மெஷின் அபூர்வம். அதை ஓட்டத் தெரிந்தவன் அண்ணன் மட்டும்தான். 'உளி இவ்வளவு தூரம் போ, இவ்வளவு ஆழம் வெட்டு, திரும்பி வா' என்று வரி வரியாக எண்களும் எழுத்துகளுமாக இருக்கும் அந்தப் புரோகிராம்கள் எல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. கேபிள் வழியாக மெஷினுக்கு அனுப்புவேன். மெஷினின் சொந்த நினைவில் இடம் குறைவு. ஒரு வேலை முடிந்ததும் அதை அழித்துவிட்டு அடுத்ததை ஏற்றுவோம். எல்லாவற்றிலும் பெரியது ஃப்ளேஞ்ச் என்ற வட்டப் பீஸின் புரோகிராம். அண்ணன் மூன்று மாதம் திருத்தித் திருத்தி எழுதியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டால், உள்ளேயிருந்து கிர்க், கிர்க் என்று சத்தம். இருபது எம்.பி. ஹார்ட் டிஸ்க். அந்தக் காலத்தில் இருபது எம்.பி. என்றால் சமுத்திரம். ஃபைல் ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை. காப்பி எடுத்து வைத்திருந்த ஃப்ளாப்பிகளை எடுத்துப் பார்த்தால், மழைக்கால ஈரத்தில் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூஞ்சை.

மெட்ராஸிலிருந்து சர்வீஸ்காரர் வந்தார். பழைய டிஸ்க்கின் பக்கத்தில் பெரிய புது டிஸ்க் ஒன்றை மாட்டினார். "உள்ள எந்த ஃபைல் எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணையே போயிடுச்சும்மா. வேணும்னா முழு டிஸ்க்கையும் மொதல்லேந்து கடைசி வரைக்கும் அப்படியே ஒரே ஃபைலா இதுல எடுத்து வெச்சுக்கலாம். அதுக்கு புரோகிராம் எழுதணும். எனக்கு டைம் இல்ல" என்று சொல்லிவிட்டு, டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மதியம் முதலாளியின் போன். மேனேஜர் ரிசீவரை வைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை ஃப்ளேஞ்ச் வாங்கும் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார். அவர் கண் எதிரே பீஸ் கடைந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் செவ்வாய்க்கிழமை கிரேன் வரும். லேத் ஓசூரில் இருக்கும் இன்னொரு யூனிட்டுக்குப் போய்விடும்.

"நான்?" என்றான் அண்ணன்.

"மெஷினோட நீயும்தான்" என்றார் மேனேஜர்.

அண்ணிக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளை. மணிமங்கலத்தில் இருந்த எங்கள் வீட்டில் அண்ணனும் அண்ணியும் நானும் மட்டும்தான். அன்று சாயங்காலம் அண்ணி தகரப் பெட்டியை இறக்கி, அண்ணனின் சட்டைகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யார் ஓசூர் போறது? பெட்டிய மூடு அண்ணி" என்று கத்தினேன். அவள் மூடவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தான். "இன்னா பாப்பா, வருமா வராதா? ஒரே வார்த்தைல சொல்லு."

"வரும்ண்ணா."

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது. ஆனால் சொன்ன அந்த நிமிஷத்திலேயே உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிட்டது. ஒரு டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாக ஆக்குவது! பார்ப்பதற்கு ஒரு ஃபைல். உள்ளே ஒரு முழு டிஸ்க் பத்திரமாகக் குடியிருக்கும். உடைந்த டிஸ்க்கைத் தொடாமலேயே அதில் எதை வேண்டுமானாலும் தேடலாம். இப்படி ஒரு வேலை என் கைக்கு வந்ததே என்று எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. அண்ணனுக்குப் பெட்டி, எனக்குத் திருவிழா. அதற்காக என்னை யாரும் திட்டவும் இல்லை.

சனிக்கிழமை காலையிலேயே, கோர்ஸில் படித்த பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுத உட்கார்ந்தேன். டிஸ்க்கில் எழுத்துகள் செக்டார் செக்டாராக இருக்கும். ஒரு செக்டாரில் ஐந்நூற்றுச் சொச்சம் எழுத்து. ஒரு செக்டாரைப் படி, நினைவில் ஒதுக்கி வைத்த இடத்தில் போடு, அங்கிருந்து பெரிய ஃபைலில் எழுது, அடுத்ததுக்குப் போ. அந்த ஒதுக்கி வைத்த இடத்துக்குத்தான் பஃபர் என்று பெயர். வந்ததை வாங்கி அனுப்புகிற டிரே, அவ்வளவுதான். மதியத்துக்குள் டிஸ்க் கிர்க், கிர்க் என்று முனகிக்கொண்டே முழுவதும் ஃபைலுக்குள் வந்துவிட்டது. நான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

அடுத்து, அந்தப் பெரிய ஃபைலுக்குள் ஃப்ளேஞ்ச்சைத் தேட வேண்டும். இருபது எம்.பி. ஃபைல், கம்ப்யூட்டரின் நினைவோ மொத்தமே ஒரு எம்.பி.க்கும் கீழே. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. முடிந்த மட்டும் பெரிய வாயாகக் கடிக்கலாம் என்று, பஃபருக்கு ஒதுக்கியதைவிடக் கூடுதலாகப் படிக்கச் சொல்லிவிட்டேன். மிச்சம் எங்கே போகும்? பக்கத்தில் இருந்ததன் தலைமேல் போய் விழுந்தது. பக்கத்தில் இருந்தது என்னுடைய புரோகிராமே. திரை அப்படியே உறைந்துபோனது. கீ போர்டைத் தட்டினால் பீப், பீப்.

"இன்னாமே ஆச்சு?" என்று கண்ணாடிக்கு வெளியே நின்று அண்ணன் கேட்டான்.

"ஒண்ணும் ஆவல. நான் கம்ப்யூட்டருக்கு ஊட்டும்போது வாய்க்குள்ள போடாம மூக்குக்குள்ள போட்டுட்டேன்."

இந்த முறை அடக்கமாக முப்பதாயிரம் எழுத்து என்று வைத்துக்கொண்டேன். பஃபர் எவ்வளவோ அவ்வளவுதான் படிக்க வேண்டும், எத்தனை எழுத்து உண்மையில் வந்தது என்று கேட்டுக்கொண்டு அவ்வளவை மட்டும் பார்க்க வேண்டும். ஓட விட்டேன். மற்ற லேத் புரோகிராம்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. ஃப்ளேஞ்ச் மட்டும் கிடைக்கவில்லை. அண்ணன் ஒவ்வொரு புரோகிராமின் தலையிலும் பீஸின் பெயரை எழுதி வைப்பான். அந்தப் பெயரைத்தான் தேடினேன். இல்லை என்றது. மறுபடி தேடினேன். இல்லை. அண்ணன் வாசலிலிருந்து எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டான்.

அவன் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. முப்பதாயிரம் முப்பதாயிரமாக வெட்டுகிறேன்; அந்த வெட்டு ஃப்ளேஞ்ச் என்ற சொல்லின் நடுவிலேயே விழுந்திருந்தால்? முதல் பாதி ஒரு பஃபரின் கடைசியில், மறு பாதி அடுத்த பஃபரின் தொடக்கத்தில்; இரண்டிலும் முழுச் சொல் இருக்காது. ஒவ்வொரு தடவையும் கடைசியில் உள்ள கொஞ்சம் எழுத்துகளைக் கையோடு எடுத்துப்போய், அடுத்த பஃபரின் முன்னால் வைத்துக்கொண்டு தேடும்படி மாற்றினேன். கிடைத்தது! செருப்பில்லாமலே ரோட்டுக்கு ஓடினேன். டீக்கடையில் பக்கத்து ஊரான வல்லம் வடகால் ஆட்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே, "அண்ணா, ஃப்ளேஞ்ச் வந்துட்ச்சி!" என்று கத்தினேன். அவர்கள் ஏதோ விருந்தாளி என்று நினைத்து ரோட்டைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. மேனேஜர், அண்ணன், நான், கேட்டில் வாட்ச்மேன். புரோகிராமை லேத்துக்கு அனுப்பினேன். புதிதாக ஏற்றும் எதையும் முதலில் காற்றில் ஓட்டிப் பார்ப்பது அண்ணனின் வழக்கம்: இரும்பை மாட்டாமல் வெறுமனே, ஒவ்வொரு வரியாக, மெதுவாக. ஒரு கை ஸ்டார்ட் பட்டனில், இன்னொரு கை எமர்ஜென்சி பட்டனில்.

"ஆங்... வருது பாரு... இது நம்மளுதுதான்" என்று அவன் முகம் மலர்ந்தது. உளி உள்ளே போனது, வந்தது, படி வெட்டுவதுபோல் இறங்கியது. மேனேஜர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். திடீரென்று அண்ணன், "இத இப்பத்தான பண்ணிச்சு? மறுக்கா இன்னாத்துக்குப் பண்ணுது?" என்றான். அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் உளி இருந்த தலை முழுவதும் ஒரு உதறு உதறி, பீஸைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் பக்கமாகப் பாய்ந்தது. அண்ணன் எமர்ஜென்சியை அறைந்தான். விரல் நுழையும் இடைவெளியில் நின்றது. முட்டியிருந்தால் கிரேன் வந்து தூக்கிப் போக அங்கே லேத் இருந்திருக்காது.

"என்னம்மா இது!" என்று மேனேஜர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

நான் கண்ணாடி அறைக்கு ஓடினேன். புரோகிராமைத் திரையில் வரி வரியாக ஓட்டினேன். நடுவில் ஒரு இடத்தில், போன வரிகளே அச்சு அசலாகத் திரும்ப வந்திருந்தன. சேருகிற இடத்தில் ஒரு எண்ணின் தலையும் இன்னொரு எண்ணின் வாலும் ஒட்டி, எங்கேயும் இல்லாத ஒரு தூரத்தைச் சொன்னது. உளி அந்தத் தூரத்துக்குத்தான் பாய்ந்திருக்கிறது.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் பயம் போய், ஒரே குஷி. மேஜையை இரண்டு கையாலும் குத்தினேன்.

அந்த இடத்தில் டிஸ்க் கெட்டிருக்கிறது. படிக்கச் சொன்னபோது ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வரவில்லை என்றால் பஃபர் காலி என்று நான் நினைத்துக்கொண்டேன். காலி இல்லை! போன செக்டாரில் வந்தது அப்படியே அதில் உட்கார்ந்திருக்கிறது. படிப்பது தோற்றதா ஜெயித்ததா என்று பார்க்காமல், என் புரோகிராம் அந்தப் பழையதையே புதுசு என்று எழுதி அனுப்பிவிட்டது. சரி, கெட்ட செக்டாரை விட்டுவிட்டு எழுதியிருக்கலாமா? கூடாது. விட்டால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் முன்னுக்கு நகர்ந்து, எதுவும் தன் இடத்தில் இருக்காது. இடத்தை நிரப்பத்தான் வேண்டும். இரண்டு வருடம் பேக்கிங்கில் நான் செய்ததும் அதைத்தானே! டிரேயைப் பழைய பீஸால் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு அடிக்க மட்டும் மறந்துவிட்டேன்.

"சார், சிவப்பு அடிக்கல சார்!" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். மேனேஜர் அண்ணனைப் பார்த்தார். எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

ஒவ்வொரு செக்டாரையும் படிப்பதற்கு முன்னால் பஃபர் முழுவதையும் நட்சத்திரக் குறியால் நிரப்பிவிட வேண்டும். நல்ல செக்டார் வந்தால் அது நட்சத்திரங்களை மூடிவிடும். வராவிட்டால் நட்சத்திரங்களே ஃபைலுக்குப் போகும். லேத்துக்கு நட்சத்திரம் என்றால் என்னவென்றே தெரியாது. பார்த்ததும் அலாரம் அடித்து நின்றுவிடும். என் கையில் இதைவிட நல்ல சிவப்பு கிடையாது.

ஆனால் அதற்குப் பழைய டிஸ்க் இன்னொரு தடவை முழுக்கச் சுற்ற வேண்டும். ஏ.சி.யை முழுசாக வைத்து ஆற விட்டோம். பிறகு போட்டேன். கிர்க்... கிர்க்... அண்ணன் முதல் தடவையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். "சுத்துமா, சுத்து, இன்னும் கொஞ்சம்தான் கீது" என்று குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் கெஞ்சினான். கடைசிச் செக்டார் வரை வந்தது. வந்து முடித்து, அணைத்து, மறுபடி போட்டபோது அது சுற்றவில்லை. பிறகு எப்போதுமே சுற்றவில்லை.

ஃப்ளேஞ்ச்சை எடுத்துப் பிரிண்டரில் அடித்தேன். நடுவில் ஒரு கொத்து நட்சத்திரம். மேனேஜர் தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "காலைல முழுசா இருந்துது. இப்ப ஓட்டையா இருக்கு. இதுக்கா இவ்ளோ சந்தோஷம்?" என்று கேட்டார்.

"காலைலயும் ஓட்டைதான் சார். நமக்குத் தெரியல. இப்பத் தெரியுது."

அண்ணன் தாளை வாங்கிக்கொண்டு லேத்தின் முன்னால் போய் நின்றான். கண்ணை மூடிக்கொண்டான். கையை உளியாக வைத்துக் காற்றில் நகர்த்தினான்: உள்ளே, கீழே, கொஞ்சம் வெளியே, மறுபடி உள்ளே. நடுநடுவே நின்று, "இல்ல, இங்க மெதுவாப் போவும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பென்சிலால் நட்சத்திரங்களின் பக்கத்தில் எழுதினான். எழுதினதை நான் தட்டச்சு செய்தேன். காற்றில் ஓடியது. எங்கேயும் முட்டவில்லை. இரும்பை மாட்டினான். வெள்ளை வெளேரென்று சுருள் சுருளாகச் சீவல் விழ, முதல் ஃப்ளேஞ்ச் வந்தது. நான் கைதட்டினேன். கேட்டிலிருந்து வாட்ச்மேனும் கைதட்டினார், எதற்கென்று தெரியாமல்.

திங்கட்கிழமை வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். சிரிக்காத முகம், கையில் அளவுக் கருவிப் பெட்டி. அவர் கண் எதிரே அண்ணன் ஒரு பீஸ் கடைந்தான். கடைந்து துடைத்ததும், பேக்கிங் மேஜையிலிருந்து என் பழைய பிரஷ்ஷை எடுத்து, பீஸின் உள்பக்கப் படியில் ஒரு பொட்டு சிவப்பு வைத்தான். மேனேஜர் பாய்ந்து வந்தார்.

"டேய், நல்ல பீஸுல என்னடா பண்ற?"

வந்தவர் கேட்டார்: "ஏன் சிவப்பு? ரிஜெக்டா?"

"இல்ல சார். எங்க டிஸ்க் கெட்டுப்போச்சு. புரோகிராம்ல கொஞ்சம் வரி போச்சு. அந்த வரிய நான் ஞாபகத்துல வெச்சி எழுதுனேன். அது வெட்டுற எடம் இதான். நீங்க இங்க நல்லா அளந்து பாருங்க."

ஒருவரும் கேட்காததை இவன் ஏன் சொல்கிறான்? வந்தவர் முதலில் வேறு எங்கேயும் கருவியை வைக்கவில்லை. நேராகச் சிவப்புக்குத்தான் போனார். ஒரு தடவை அளந்தார். பீஸைத் திருப்பி இன்னொரு தடவை. பிறகு மற்ற இடங்களையும் அளந்துவிட்டு, பெட்டியை மூடினார்.

"சரியா இருக்கு" என்றார். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி, "எங்க அளக்கணும்னு இதுவரைக்கும் யாரும் எனக்குச் சொன்னதில்ல. இந்த ஆளையே இங்க வெச்சுக்குங்க" என்றார்.

மேனேஜர் கிரேன்காரருக்கு டயல் சுற்றி, வர வேண்டாம் என்று சொன்னார். நான் நின்று பார்த்தேன், பார்க்காமல் போவேனா?

சாயங்காலம் அண்ணனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஏரிக்கரை ஏறும்வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டே வந்தோம். வீட்டு வாசலில் அண்ணி நின்றிருந்தாள். அண்ணனின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

தகரப் பெட்டியை நடு வீட்டுக்கு இழுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சட்டைகள், லுங்கி, சோப்பு டப்பா, ஊறுகாய் டப்பா எல்லாம் தரையில் விழுந்தன. அப்படியும் விடாமல், உள்ளே எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதுபோல் பெட்டியின் அடியில் ஓங்கித் தட்டினாள். ஒரு பொத்தான் விழுந்தது. பிறகு காலிப் பெட்டியை நிமிர்த்தி என் பக்கம் தள்ளினாள்.

"கொயந்தைக்குத் துணி தெச்சி இதுல வை" என்றாள்.